எங்கேஜ்டில் பேசியவர்கள்

வேதசிரோமணி சார் வீட்டில் இன்டர்நெட் போட ஆரம்பித்த பிறகு, தெருக்கோடிக் கம்பத்திலிருந்து அந்த வீட்டுக்கு வரும் டெலிபோன் ஒயர் நாளுக்கு நாள் கனத்துத் தாழ்ந்தது. இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம் பொங்கல் கழித்துக் கணிப்பொறி வந்தது. சித்திரையில் பள்ளிக்கூட வேன் ஒயருக்கு அடியில் நுழைய முடியாமல் திரும்பிப் போனது. ஆடியில் பக்கத்து வீட்டு ஜெயஸ்ரீ அதில் புடவை காயப்போட்டாள். மாடம்பாக்கம் பால்பண்ணைத் தெருவில் தண்ணீர் லாரி வராததும் கரண்ட் போவதும் போல இதுவும் ஒன்று என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். உயரமானவர்கள் குனிந்து போனார்கள்.

ஒயரைவிட அந்த வீட்டாருக்குக் கவலை கொடுத்தது இன்டர்நெட்டின் வேகம்தான். மஸ்கட்டில் வேலை பார்க்கும் மூத்த மகன் மெர்வின், தன் குழந்தையின் படங்களை அனுப்புவதற்காகவே அந்தக் கணிப்பொறியை வாங்கிக் கொடுத்திருந்தான். முதல் படம் நெற்றி வரைக்கும் வருவதற்கு ஒரு மத்தியானம் ஆனது. மூக்கு வந்து சேர்ந்தபோது குழந்தைக்கு அங்கே பல் முளைத்திருந்தது. கிழக்குத் தாம்பரத்தில் கடை வைத்திருந்த சிவகுமார் வந்து மோடத்தை மாற்றினான், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டான், சொருகிகளைச் சுரண்டினான், வைரஸ் என்றான், கடைசியில் மேசையைக் கிழக்கே பார்த்துத் திருப்பி வைக்கச் சொன்னான். லைன்மேன் கிட்டு ஏணி போட்டு ஒயரை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் அது பழையபடி தொங்கியது. ஒயர் நல்ல ஒயர்தான், உள்ளே என்னமோ கீது என்று சொன்ன அவர், அந்த என்னமோ தன் டிபார்ட்மென்ட் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அந்தத் தெருவில் அப்போது அது ஒன்றுதான் டெலிபோன். வேலைக்கான விண்ணப்பத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் தெருவாசிகள் எல்லோரும் அந்த எண்ணையே எழுதி, அக்கம்பக்கத்து வீட்டு டெலிபோன் என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் பி.பி. என்று போட்டுக்கொண்டார்கள். அழைப்பு வந்தால் சாருடைய மனைவி தபீதாள் ரிசீவரை மேசைமேல் படுக்கவைத்துவிட்டு, காம்பவுண்டு சுவரோரம் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் யாரைக் கூப்பிட்டாலும் எதிர்வீட்டு அஞ்சம்மாள் ஒரு தடவை கேட்டுக்கு வந்து நின்றுவிட்டுப் போவாள். அவளுடைய மகள் தமிழினி, பொத்தேரி ஹாஸ்டல் மெஸ்ஸில் சமையல் வேலை பார்த்த தீனாவோடு போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கே போனாள் என்று தெரியாது. நிலத்தை மனையாக விற்று, செங்கல் சிமெண்டுக் கடை வைத்திருந்த அப்பா சம்பந்தம், அவள் பெயர் வீட்டுக்குள் கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பத்து டெலிபோன் வாங்க அவருக்கு வசதி உண்டு. வாங்கினால் அது அடிக்கும் என்பதால் வாங்கவில்லை.

இன்டர்நெட் போட்டால் டெலிபோன் எங்கேஜ்டு ஆகிவிடும். தெருவுக்குத் தொந்தரவு கூடாது என்று தபீதாள் யோசித்து, யாருக்கும் அழைப்பு வராத மத்தியானம் இரண்டு மணியை அதற்கு ஒதுக்கியிருந்தார். ஆவணி மாதம் ஒரு நாள் அதே நேரத்தில், மறதியாக, சமையலறையில் இருந்த இன்னொரு ரிசீவரை எடுத்துவிட்டார். மோடத்தின் கீச்சுச் சத்தத்துக்கு அடியில், நாலு வீடு தள்ளி இருக்கும் ஞானஜோதியின் தம்பி பேசிக்கொண்டிருந்தான். தாம்பரம் ஸ்டேஷன் இரண்டாம் பிளாட்பாரத்தில் இரண்டு மூட்டை மாம்பழத்தோடு நிற்பதாகவும், அண்ணன் உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்றும் சொன்னான். மாம்பழக் காலம் முடிந்து வெகுநாள் ஆகிவிட்டது. ஞானஜோதி வந்து ஹலோ சொன்னார். தம்பி மறுபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்து, திருப்தியாக வைத்துவிட்டான். வெளியே ஒயர் ஒரு விரற்கடை உயர்ந்தது. அன்றைக்கு மெர்வினின் குழந்தைக்கு இரண்டு காதும் வந்துவிட்டன.

எங்கேஜ்டு சத்தம் கேட்டால் வைத்துவிட வேண்டும் என்று தெரியாதவர்களும், தெரிந்தும் மனம் கேட்காதவர்களும் பேசிவிட்டுப் போனதெல்லாம் ஒயருக்குள்ளேயே நிற்கிறது என்பது அப்படித் தெரியவந்தது. சாருடைய மகள் பிளஸ்ஸி வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டிவந்தாள். மோகன்ராஜுக்கு, பெண் வீட்டார் சம்மதம் சொல்லிக் காத்திருந்தார்கள். சித்திரையில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு, அவளையும் பக்கத்தில் நிற்கவைத்திருந்த அவன், ராங் நம்பர் என்று வைத்துவிட்டான். ஜெயஸ்ரீக்கு அத்தையின் சாவுச் செய்தி வந்தது. காரியமே முடிந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தாலும், அவள் முறைப்படி தலைமுழுகிவிட்டுத்தான் சமைத்தாள். சிவகுமார் இதைத் தன் கடை போர்டில் ஒரு சர்வீஸாகச் சேர்த்து எழுதிக்கொண்டான்.

தெருவே வந்து ஹலோ சொல்லி முடித்த பிறகும் ஒயர் பாதி உயரத்தில்தான் நின்றது. உள்ளே ஒருவர் இருப்பது கேட்டது. மூச்சுவிடும் சத்தம், அதற்குப் பின்னால் வரிசையாகத் தையல் மெஷின்கள். யார் ஹலோ சொன்னாலும் பதில் இல்லை. தபீதாள், சம்பந்தம் கடையில் இருக்கும் நேரம் பார்த்து எதிர்வீட்டுக்குப் போனார். அஞ்சம்மாள் ஈரக் கையோடு வந்து ரிசீவரை வாங்கினாள். ஹலோ என்று சொல்ல அவளுக்குப் பழக்கமில்லை.

“கண்ணு,” என்றாள்.

“எடுத்துட்டியாம்மா,” என்றது உள்ளே இருந்த குரல். “அப்பா பக்கத்துல இல்லையே?”

தமிழினி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தாள். அவளுக்குச் சாப்பாட்டு இடைவேளை இரண்டு மணிக்கு. அப்பா வீட்டில் இருக்க மாட்டார் என்பதாலும் அந்த நேரம் அவளுக்குத் தோதாக இருந்தது. தை மாதத்திலிருந்து தினமும் ஆபீஸ் டெலிபோனில் கூப்பிட்டு, எங்கேஜ்டு கேட்டு, இருந்தாலும் இரண்டு வார்த்தை பேசியிருந்தாள். அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. இன்டர்நெட்டை ஒரு தடவை போட்டால் ஒன்றுதான் வெளியே வந்தது, போடுவதும் நாளைக்கு ஒரு தடவைதான். அஞ்சம்மாள் தினமும் இரண்டு மணிக்கு வந்தாள். அறை கிடைத்தது, ஊசி விரலில் ஏறியது, ரசம் அம்மா வைப்பதுபோல வரவில்லை என்று வரிசையாகக் கேட்டாள். தீனாவுக்கு மஞ்சள் காமாலை என்று வந்த நாளில், அவன் எப்போதோ எழுந்து நடமாடியிருப்பான் என்று தபீதாள் சொல்லியும் கேட்காமல், ஏரிக்கரைக்குப் போய்க் கீழாநெல்லி பறித்துவந்தாள். அவன் சோறு சாப்பிட்டான் என்று அடுத்த வாரம் வந்த பிறகுதான் அதைக் கொட்டினாள். ஒயர் ஏற ஏற அவளுக்குப் பயமாக இருந்தது. கார்த்திகையில் கடைசி வந்தது. கம்பெனியின் பெயரையும் எண்ணையும் சொல்லிவிட்டு, தமிழினி நிதானமாகப் பேசினாள்.

“தெனிக்கும் எங்கேஜ்டாவே கீதும்மா. நான்னு தெரிஞ்சு, நீங்க சொல்லி சார் வூட்ல எடுத்துக் கீழ வெச்சிடறாங்கன்னு இவரு சொல்றாரு. இனிமே பண்ணல. உடம்பப் பாத்துக்க.”

அதோடு ஒயர் விறைத்துக்கொண்டது. இன்டர்நெட் வேகமாக வந்தது. மெர்வினின் குழந்தை முழுசாக, காலில் ஷூவோடு வந்தது.

அந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் எங்கேஜ்டு. அந்தக் கம்பெனியும் கணிப்பொறி வாங்கிவிட்டது, நாள் முழுக்க இன்டர்நெட்டிலேயே இருக்கிறது என்று பிளஸ்ஸி ஊகித்தாள். அஞ்சம்மாள் வைக்கவில்லை. யாரும் எடுத்து வைக்கவில்லை கண்ணு, எனக்குத் தெரியாது கண்ணு என்று அந்தச் சத்தத்துக்குள் பேசினாள். மறுநாளும் வந்து பேசினாள். எங்கேஜ்டுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் பில்லிலும் அது வரவில்லை. கம்பெனிக்கு மெயில் எழுதிக் கேட்கலாம் என்று பிளஸ்ஸி சொன்னதற்கு மட்டும் அவள் ஒப்பவில்லை.

“வேல செய்யற எடத்துல நம்ம வூட்டுக் கதையெல்லாம் சொல்லாத பாப்பா. அப்பறம் அதுக்குத்தான் கேவலம்.”

மார்கழியில் ஒரு நாள் இரண்டு மணிக்குச் சம்பந்தம் உள்ளே வந்தார். பெண்டாட்டி தினமும் எங்கே போகிறாள் என்று கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள். வேட்டியெல்லாம் சிமெண்டாக இருந்தது. அஞ்சம்மாள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் சுவரோடு ஒட்டி நின்றாள். வேதசிரோமணி சார் உட்காரச் சொன்னார், சம்பந்தம் உட்காரவில்லை. கையை நீட்டி ரிசீவரை வாங்கி, எங்கேஜ்டு சத்தத்தை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான்தான்,” என்றார். பிறகு ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார். “வூட்டுக்கு வா. அந்தப் பையனையும் இட்டுகினு வா.”

ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னதே போதும் என்று அஞ்சம்மாள் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிளஸ்ஸி கம்பெனிக்கு ஒரு மெயில் எழுதினாள். வீட்டுக் கதை எதையும் அதில் சேர்க்கவில்லை. தங்கள் அலுவலகத்தின் இன்டர்நெட் சமீபத்தில் மெதுவாகியிருந்தாலோ, டெலிபோன் ஒயர் தொங்கினாலோ, மோடத்தை மாற்ற வேண்டாம் என்றும், இன்டர்நெட் ஓடும்போதே ரிசீவரை எடுத்து, தையல் பிரிவில் இருக்கும் தமிழினியை வரவழைத்து ஹலோ சொல்லச் சொன்னால் போதும் என்றும், இது தன் தெருவில் சோதித்துப் பார்த்த முறை என்றும் மட்டும் எழுதினாள்.

நான்காம் நாள் பதில் வந்தது. தாங்கள் சொன்னபடி, நாள் முழுக்க இன்டர்நெட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுச் செய்தோம் என்று அந்த மேனேஜர் எழுதியிருந்தார். முன்பே தெரிந்திருந்தால் புது மோடம் வாங்கியிருக்க மாட்டார்களாம். ஒயர் வாசல் கேட்டின் மேல் படுத்துக் கிடந்ததாகவும், பெண் குரல் பேசி முடித்தபோது பாதிதான் ஏறியதாகவும், கடைசியாக வந்த ஆண் குரல் ஒன்று போன பிறகே முழுசாக ஏறியதாகவும், இப்போது டிசைன்கள் உடனுக்குடன் போவதாகவும் விவரம் கொடுத்திருந்தார். அந்தப் பணியாளர் மட்டும் இன்று கணவரோடு ஊருக்குப் போவதாக விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று கடைசி வரியில் குறிப்பிட்டு, நன்றி சொல்லியிருந்தார்.

பிளஸ்ஸி எதிர்வீட்டுக்குப் போய் அதைப் படித்துக் காட்டினாள். அஞ்சம்மாள் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். சம்பந்தம் சட்டையை மாட்டிக்கொண்டு சாரிடம் வந்து, திருப்பூர் பஸ் விடியற்காலையில் பெருங்களத்தூருக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். திண்டிவனத்தில் டீக்கு நிறுத்தாவிட்டால் ஐந்தரைக்கு வந்துவிடும் என்று வேதசிரோமணி சார் சொன்னார்.