கிடா தண்ணிக்கு வந்த வழி

டெல்மரின் முஷ்டி வாயில் இறங்கியதும் ஓரின் தன் தொலைநோக்கியையும் இழுத்துக்கொண்டு பாறையில் சரிந்தான். ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்து, தலையால் டெல்மரின் வயிற்றில் முட்டினான். இருவரும் கட்டிப் புரண்டதில் சேஜ் புதர்கள் முறிந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே தேவாலயத்தில் அடுத்தடுத்த பெஞ்சில் நின்று பாடுகிற இரண்டு பேர், ஒரு மானுக்காக இப்படி அடித்துக்கொண்டார்கள்.

வேட்டைக்காலம் தொடங்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. இப்போது மேட்டில் படுத்துக் கிடந்து பார்த்து வைக்கலாம், அவ்வளவுதான். அந்தக் கவைக்கொம்பு மான் கிடாவை இருவருமே தனித்தனியாகப் பார்த்து வைத்திருந்தார்கள். காதைவிட இரண்டு மடங்கு உயரத்தில் கரேலென்ற கொம்பு. வயோமிங்கின் இந்தப் பகுதிக்கு வேட்டை உரிமம் குலுக்கலில் விழுவதற்குள் ஓரினுக்குத் தாடி நரைத்துவிட்டது. இன்னொரு முறை விழும் என்ற நம்பிக்கையும் அவனுக்கு இல்லை. அந்தக் கிடா தனக்குக் கிடைக்கவேண்டும் என்பதைத் தவிர இந்த வருஷம் அவன் வேறெதற்கும் முழங்காலிடவில்லை.

டெல்மர் தண்ணீர்த்தொட்டி வரைக்கும் தன் பிக்கப் வண்டியை ஓட்டிப்போய் மான்களைக் கலைக்கிறான் என்றுதான் சண்டை மூண்டது. மூச்சு வாங்க எழுந்த டெல்மர் தொப்பியைத் தட்டிக்கொண்டான்.

"நீ இங்கயே படுத்துப் பாத்துக்கிட்டு கெடடா. அப்புறமா வந்து அதோட தலைய என் வீட்டுச் சுவத்துல பாரு. காப்பி போட்டுத் தர்றேன்."

அந்தச் சிரிப்பு ஓரினுக்குக் குத்தைவிட அதிகமாக வலித்தது. சாயங்காலம் வீடு திரும்பும் வழியில், தொட்டிக்குப் போகும் பாதையில் எப்போதும் திறந்தே கிடக்கும் கம்பி கேட்டை இழுத்துச் சாத்தி, தன் சங்கிலியைச் சுற்றிப் பூட்டினான். பிக்கப் எப்படிப் போகிறது பார்ப்போம் என்று நினைத்தான். நிலம் விதவை வெர்னாவுடையது. தன் நிலத்தில் வேட்டையாட அவள் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: கேட் எப்படிக் கிடந்ததோ அப்படியே கிடக்கவேண்டும்.

மறுநாள் உச்சிவெயிலில் ஓரின் மேட்டில் படுத்திருந்தான். மேற்கே புழுதி எழுந்தது. மான்கூட்டம் காற்றாய் வந்துகொண்டிருந்தது, பின்னால் இரண்டு கொயோட்டி நரிகள். முன்னால் பெட்டைகள், கடைசியில் கிடா. வழக்கமான பாதையில் நேராகக் கேட்டை நோக்கி வந்தன.

கேட் பூட்டியிருந்தது. இந்த மான்கள் வேலியைத் தாண்டத் தெரியாதவை, அடியில் நுழைந்துதான் போகும். வெர்னாவின் வேலியோ செம்மறிகளுக்காக மண்வரைக்கும் இறக்கிய வலைக்கம்பி. திறந்த கேட் ஒன்றுதான் அவற்றுக்கு வழி. வேலி போட்டே பிழைக்கிற ஓரினுக்கு இது தெரியாததல்ல. நேற்று அவன் கண்ணில் பிக்கப் ஒன்றுதான் நின்றது.

அவன் கத்திக்கொண்டு ஓடினான். முதல் பெட்டை முழுவேகத்தில் கேட்டில் மோதியது. கழுத்து முறிந்த சத்தம் மேடுவரைக்கும் கேட்டது. அடுத்தவை அதன்மேல் ஏறி விழுந்து, கம்பியில் தோலைக் கிழித்துக்கொண்டு சிதறின. நரிகள் ஒரு குட்டியைத் தொண்டையில் பிடித்து இழுத்துப் போயின. கிடா வலைக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டு உதைத்தது. உதறிய உதறலில் ஒரு பக்கக் கொம்பின் கறுப்பு உறை உருவி வந்து கம்பியில் தொங்கியது. உள்ளே எலும்பு மொட்டையாய் ரத்தம் வடித்தது.

ஓரின் கிடாவைப் பிடிக்கப் போனான். குளம்பு அவன் முன்கையைக் கிழித்துவிட்டது. அதற்குள் டெல்மரின் பிக்கப் வந்து நின்றது. டெல்மர் செத்த பெட்டையைப் பார்த்தான், சங்கிலியைப் பார்த்தான், ஓரினின் சட்டையைப் பிடித்துக் கேட்டோடு சேர்த்து மோதினான்.

"நீயா பூட்டுன?"

"நான்தான்."

டெல்மர் ஓங்கிய கை ஓங்கியபடி இருந்தது. கிடா அலறியது. குழந்தை அலறுவதுபோல இருந்தது. டெல்மர் கையை இறக்கி, தன் சட்டையைக் கழற்றிக் கிடாவின் கண்ணை மூடிக் கட்டினான். கண் இருட்டியதும் அது உதைப்பதை நிறுத்தி நடுங்க மட்டும் செய்தது.

"அழுத்திப் புடிடா. மூச்ச நெரிக்காம."

ஓரின் ரத்தம் வழியும் கையோடு அதன்மேல் சாய்ந்து பிடித்துக்கொண்டான். அதன் இதயம் அவன் நெஞ்சில் அடித்தது. டெல்மர் பிக்கப்பிலிருந்து எடுத்த கத்தரியால் கம்பியை ஒவ்வொன்றாக வெட்டினான். சுவரில் மாட்ட இனி அந்தக் கிடாவிடம் ஜோடிக் கொம்பு இல்லை. கண்கட்டை அவிழ்த்ததும் அது தள்ளாடி எழுந்து, வெட்டிய வழியாகவே தொட்டிக்குப் போய்க் குடித்தது.

டெல்மர் அதே சட்டையைக் கிழித்து ஓரினின் கையில் கட்டினான். வெர்னாவிடம் போய்த் தானே சொல்லிவிடுவதாக ஓரின் முனகினான்.

"ஒத்தக் கையில எப்படி ஓட்டுவ? ஏறு."

வெர்னா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். வனத்துறைக் காவலருக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னாள். பிறகு ஓரினிடம் திரும்பினாள்.

"துப்பாக்கியோட இனி நீ என் நெலத்துல கால் வைக்கக்கூடாது."

"சரிங்கம்மா."

அவ்வளவு வருஷக் காத்திருப்பும் அந்த ஒரு சொல்லில் முடிந்தது. முந்தாநாள் இதைக் கேட்டிருந்தால் அவன் செத்தே போயிருப்பான். இப்போது நெஞ்சில் இன்னும் அந்தக் கிடாவின் இதயம்தான் அடித்துக்கொண்டிருந்தது. தலையைக் குனிந்து படியிறங்கினான்.

"எங்க போற?" என்றாள் வெர்னா. "உள்ள வா. அந்தக் கைய சோப்புப் போட்டுக் கழுவு. ரெண்டு பேரும் சாப்பிட்டுப் போங்க. கை ஆறுனதும் கம்பி வெட்டுற கத்தரி எடுத்துக்கிட்டு வா. அந்த வலையோட அடியப் பூராவும் வெட்டித் தூக்கிக் கட்டணும். எனக்கு இப்ப செம்மறி இல்ல."

ஓரின் கை கழுவிவிட்டு வருவதற்குள் டெல்மர் மேசை முன் உட்கார்ந்து, வீங்கிய முஷ்டியால் ரொட்டியைப் பிட்டு, பெரிய துண்டை ஓரினின் தட்டுப் பக்கம் தள்ளினான்.