எபனேசர் சொன்ன பாதிச் சாட்சி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்குத் தெரியும். வேதியியல் டீச்சர் சுகிர்தா வருகிறாள் என்றால் ஆய்வகத்தில் பிள்ளைகள் மூச்சுகூட விடமாட்டார்கள். அப்படிப்பட்ட நான் இந்த வருஷம் முழுக்க நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் எபனேசர் ராதாபுரத்தில் கிளார்க். தினமும் பஸ்தான். போன மழைக்காலத்தில் மனுஷன் ஒடுங்கிப் போனார். பேச்சில்லை, பாடகர் குழுவுக்குப் போவதில்லை. மனநல மருத்துவர் ராஜராஜேஸ்வரியிடம் இழுத்துக்கொண்டு போனேன். தினம் ஒரு மாத்திரை கொடுத்தார். பலன் தெரியச் சில வாரம் ஆகும், பொறுமை வேண்டும் என்றார். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் சர்க்கரை அளவை மதில் மேல் சாய்ந்து பெருமையாகச் சொல்வார்கள். மனசுக்கான மாத்திரை மட்டும் அரிசி டப்பாவுக்குப் பின்னால்தான் இருக்கும்.

அந்தச் சமயத்தில் பெங்களூரிலிருந்து என் தம்பி ரிச்சர்ட் வந்தான். மூளைப் படம் போட்ட குப்பி ஒன்றை மச்சானுக்குக் கொடுத்தான். நூட்ரோபிக் என்று பெயராம். ஞாபகம், கவனம், உற்சாகம் எல்லாம் அதில் அடக்கமாம். எபனேசர் விழுங்க ஆரம்பித்தார். சீக்கிரமே சவரம் செய்யும்போது பாட்டுச் சத்தம் கேட்டது. எனக்கும் சந்தோஷம்தான், மறுக்கமாட்டேன்.

எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று, ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொன்னார். சோர்ந்து கிடந்த தனக்கு ஆண்டவர் மச்சான் மூலமாக நல்ல மருந்தை அனுப்பினார் என்றார். மாத்திரையைப் பற்றி மூச்சு விடவில்லை. எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு டார்லின் நீட் தேர்வுக்குப் படிக்கும் மகனுக்கு ஒரு குப்பி கேட்டாள். ரிட்டயர்டு வாத்தியார் வேதமுத்து சார் அந்தக் குப்பியின் பெயரை இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

மறுநாளே எபனேசர் மாத்திரையை நிறுத்திவிட்டார், எனக்குத் தெரியாமல். குப்பிதான் குணமாக்கியது என்று சபையார் முன்னால் சொல்லியாகிவிட்டது. இனி மாத்திரையும் தின்றால் சாட்சி பொய்யாகிவிடுமே என்பது அவர் கணக்கு. பழையபடி இருட்டு வந்தபோதும் வாய் திறக்கவில்லை. வாசலில் யார் விசாரித்தாலும் நல்லா இருக்கேன் என்றார். சொன்ன சாட்சியை எங்கள் ஆட்கள் திரும்ப வாங்குவதில்லை.

ஒரு மத்தியானம் ஆய்வகத்தில் இருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. ராதாபுரத்தில் வேலைக்குப் போகாமல் வேறு பஸ் பிடித்து உவரிக்குப் போயிருக்கிறார்.

"சுகிர்தா, கடலையே பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்கே என்னை நினைச்சாப் பயமா இருக்கு. வந்து கூட்டிட்டுப் போறியா?"

"அங்கனயே இருங்க. போனை வச்சிராதீங்க."

கார் பிடித்துப் போகிற வழி முழுக்கப் பேசச் சொன்னேன். பேச ஒன்றுமில்லை என்றார். அப்படியானால் பாடுங்கள் என்றேன். பாடகர் குழுவில் அவர் பாடும் அடிக்குரல் பகுதியை, மற்றவர்கள் பாடும் மெட்டு இல்லாமல் அதை மட்டும், பைய முனகிக்கொண்டே வந்தார். நான் போனபோது மீன்காரம்மா ஒருத்தி அவரைப் படகு நிழலில் உட்காரவைத்துக் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்திருந்தாள். அவள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

அவரை அழைத்துக்கொண்டு போனபோது டாக்டர் திட்டவேயில்லை. நான்தான் திட்டுக்குத் தயாராகப் போயிருந்தேன். மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்த நேரத்தில் குப்பி வந்து சேர்ந்தது, பெயரை அது தட்டிக்கொண்டு போய்விட்டது என்றார். அந்த மாதிரிக் குப்பிகளால் மனசும் கவனமும் தேறும் என்பதற்கு உறுதியான ஆதாரம் குறைவு, சிலது இந்த மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து, கேட்காமல் எதையும் தின்னவும் கூடாது, நிறுத்தவும் கூடாது என்றார்.

ரிச்சர்டைக் கிழித்துத் தோரணம் கட்டப் போன் செய்தேன்.

"ஏலே, அது நெசமாவே உனக்கு வேலை செய்யுதா?"

"தெரியலக்கா. நான் அதைக் காப்பியோட போடுதேன். காப்பியாக்கூட இருக்கும்."

சிரிப்பு வந்து கோபம் பாழாய்ப் போயிற்று. பாசத்தில் கொடுத்த பிள்ளையை என்ன செய்ய?

மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, வாரங்கள் போய் மனுஷன் தேறினார். டார்லின் வீட்டுக் கூட்டத்தில் சாட்சி நேரம் வந்ததும் எழுந்தார்.

"போன தடவ நான் சொன்னது பாதிச் சாட்சி. மனசுக்கு டாக்டரம்மா குடுத்த மாத்திரை சாப்பிடுதேன். அதை நிறுத்திட்டு உவரிக் கடக்கரை வரைக்கும் போயிட்டேன். ஆண்டவர் என்னை என் வீட்டுக்காரி கையில திருப்பிக் குடுத்தாரு. அந்த மாத்திரைக்காகவும் அவருக்கு நன்றி."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. யாராவது ஒரு வார்த்தை தப்பாகப் பேசட்டும் என்று காத்திருந்தேன். ஜெபம் முடிந்து, எல்லாரும் எங்கள் முகத்தைப் பார்க்காமல் கலைந்தார்கள்.

வாசலில் வேதமுத்து சார் மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு அவர் காலடியிலேயே கிடந்தது.

"எபனேசர், அந்த டாக்டரம்மா எங்கன இருக்காவ?" குரல் இறங்கிப் போயிருந்தது. "வேற யாருக்கும் இல்லவே. எனக்குத்தான்."

"நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன் சார்" என்று எபனேசர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே யாரும் சொல்லாமல் விட்ட ஸ்தோத்திரத்தை நான் தெருவில் நின்று உரக்கச் சொன்னேன்.