இரண்டு பெக்கும் ஒரு சீலா மீனும்

பெர்சிக்கு வேலை மூன்று. வார நாட்களில் துறைமுகச் சாலையிலுள்ள ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பில் டைப் அடிப்பார், அது சோற்றுக்கு. ஞாயிறு காலை முதல் பூசைக்குக் கோயிலில் கீபோர்டு வாசிப்பார், அது ஆண்டவருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஹோட்டல் பாரில் வாசிப்பார். அது யாருக்கு என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்த ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் இஸ்திரி கலையாமல் வாரம் பூராவும் அலமாரியில் தனியாகத் தொங்குவதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவும் வேண்டியதில்லை.

பாட்டுக் குழுவின் பெயர் பேர்ல் பீட்ஸ். தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்து எத்தனையோ காலமாகிவிட்டது. பெயரில் ஒரு முத்து கிடந்துவிட்டுப் போகட்டும் என்று பெர்சியே வைத்தது. அவர் கீபோர்டு. அவர் மனைவி பிளாரன்ஸ் பாட்டு. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகும் வெள்ளத்துரை டிரம்ஸ். அவன் வீட்டில் நெல் விளைகிறது, அதனால் சம்பளம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் முகம் சுளிக்க மாட்டான்.

சம்பளம் என்று ஒரு தொகை. அதற்கு மேல் ஹோட்டல் கொடுத்த சலுகைகள். ராத்திரிச் சாப்பாடு உண்டு, ஸ்டாஃப் கேன்டீனில், சாம்பாரோடு. வாடிக்கையாளர்கள் டிப்ஸ் கொடுத்தால் முழுவதும் அவர்களுக்கே. தூத்துக்குடியில் பாட்டுக்காரனுக்கு டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இன்னும் வந்து சேரவில்லை என்பதால் ஹோட்டல் இதில் மிகவும் தாராளமாக இருந்தது. கடைசியாக, ஆளுக்கு இரண்டு பெக் இலவசம். பெர்சிக்குச் சர்க்கரை. பிளாரன்ஸுக்கு அந்த வாடையே ஆகாது. வெள்ளத்துரை வீட்டுக்குள் நுழையும்போது அவன் அம்மா வாசற்படியிலேயே மோந்து பார்ப்பாள். அந்த ஆறு பெக்குக்குப் பதிலாக ஒரு தட்டு வறுத்த கோழியாவது தரக்கூடாதா என்று பெர்சி கேட்டுப் பார்த்தார். பாலிசியில் இடமில்லை என்றார்கள்.

கவர் வந்த அன்றைக்கே வெள்ளத்துரையின் பங்கு அவன் கைக்குப் போய்விடும். மீதிக் கவர் பெர்சியின் சட்டைப் பைக்குள் போகும். பாடுகிறவளுக்கு எவ்வளவு என்ற பேச்சே எழுந்ததில்லை. ஒரு தடவை பிளாரன்ஸ் லேசாக ஆரம்பித்தபோது, "ஏளா, குடும்பப் பணந்தானே, எந்தப் பையில கெடந்தா என்ன" என்றார் பெர்சி. எந்தப் பையில் கிடந்தாலும் ஒன்றுதான் என்றால் ஏன் எப்போதும் அவர் பையிலேயே கிடக்கிறது என்று அவள் கேட்கவில்லை. பதிவிரதை என்பதால் அல்ல. அவளுக்கென்று தனியாக ஒரு சலுகை வந்துகொண்டிருந்தது.

கோயில் தெருவில் ஜெசிந்தா அக்கா இருந்தாள். அவள் புருஷன் கஸ்பார் அண்ணாச்சிக்கு இரண்டு விசைப்படகுகள். சனிக்கிழமை தவறாமல் பாரின் நடு மேசையில் தன் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் ஜெசிந்தா ஒரு துண்டு சீலா மீனைப் பொதிந்து கொண்டுவந்து பிளாரன்ஸ் கையில் வைப்பாள். "எல்லாம் நீ பாடுத புண்ணியம்ளா" என்பாள். பிளாரன்ஸ் வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கிக்கொள்வாள். தன் குரல் ஒரு சீலா மீன் பெறும் என்ற நினைப்பு அவளை வாரம் முழுக்கத் தாங்கியது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கோயம்புத்தூரிலிருந்து உமாராணி என்ற புது மேனேஜர் வந்தாள். வயது முப்பதுதான் இருக்கும். மரியாதையாகப் பேசியே ஆளைக் கட்டிப்போடுவாள்.

"சார், இனிமே சம்பளத்துல பாதிதானுங்க. மீதிக்குப் பதிலா, நீங்க வாசிக்கற நேரத்து பார் பில்லிங்ல ஒரு பெர்சன்டேஜ் தர்றோம். கூட்டம் வந்தா உங்களுக்குத்தானே லாபம்?"

வேறொருவராக இருந்தால் யோசிக்கிறேன் என்றிருப்பார். பெர்சி முப்பது வருஷமாகக் கோயிலில் வாசிப்பவர், காலி இடமே பார்த்தறியாதவர். "கூட்டத்துக்கு நான் கேரண்டி மேடம்" என்று அங்கேயே ஒப்புக்கொண்டார்.

கூட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஏழரைக்கெல்லாம் எல்லா மேசையும் நிரம்பிவிடும். துறைமுகத்து ஏஜென்டுகள், உப்பளக்காரர்கள், படகு முதலாளிகள் எல்லாம் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் பெர்சியின் கோயிலுக்கே வரும் பங்கு மக்கள்தான். பிளாரன்ஸ் பாடினால் கண்ணை மூடித் தலையாட்டுவார்கள். ஆனால் எட்டரை ஆவதற்குள் மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாகிவிடும். அடுத்த மாதம் பெர்சியின் கைக்கு வந்த கவரைத் திறந்து பார்க்க வேண்டியதே இல்லை, தடவினாலே தெரிந்தது.

உமாராணி அவரை உட்காரவைத்துப் பேசினாள். "சார், நீங்க நல்லா வாசிக்கறீங்க, நான் குறை சொல்லலைங்க. ஆனா ஒவ்வொரு பாட்டு முடிஞ்சதும் யாராவது ஒருத்தர் பர்ஸ எடுத்துட்டு பில்லு கேக்கறாங்க. மத்த நாள்ல இதே ஆளுங்க பத்து மணிக்கு மேலயும் நகர மாட்டேங்கறாங்க. இந்த மாசம் பாக்கறேன். சரியாகலைன்னா சனிக்கிழமைக்கு மதுரையிலருந்து டிஜே வர்றாருங்க."

அன்றைக்கு பெர்சிக்குக் கேன்டீன் சாம்பார்கூட இறங்கவில்லை. வாரம் முழுவதும் அவர் யாரோ ஒருவருடைய கன்டெய்னருக்குப் பில் அடிக்கிறவர். கோயிலில் வாசித்தால் ஜனங்கள் பீடத்தைத்தான் பார்ப்பார்கள். இந்த ஒரு சாயங்காலத்தில்தான் அவர் பெர்சியாக இருந்தார். அது போய்விடும் என்று நினைத்ததும் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சோகப் பாட்டாப் பாடுத, அதான் எந்திரிச்சுப் போறானுவ" என்று வீட்டில் மனைவி மேல் பாய்ந்தார்.

"பாடும்போது எவனும் எந்திரிக்கல. பாட்டு முடிஞ்சு நீங்க வாசிக்கீயள்லா, அப்பந்தான் எந்திரிக்கான்" என்றாள் பிளாரன்ஸ். சண்டைக்குச் சொன்னதுதான். ஆனால் அது பெர்சிக்குள் முள்ளாக மாட்டிக்கொண்டது.

மறுநாள் ஞாயிறு. காணிக்கை நேரம். உபதேசியார் நீளக் கம்பில் மாட்டிய வெல்வெட் பையோடு வரிசை வரிசையாக வர, பெர்சி வழக்கமான அந்த மெல்லிய இழுவையை வாசித்தார். அவரே கட்டிய நாலு சுரம். பை கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேரும்வரை சுற்றிச் சுற்றி வரும். எப்போதும் பக்தியோடு கண்ணை மூடித்தான் வாசிப்பார். அன்றைக்குக் கவலையில் கண் மூடவில்லை.

பை இன்னும் முன் பெஞ்சைத் தாண்டவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த கஸ்பார் அண்ணாச்சியின் கை தானாகப் பின்பாக்கெட்டுக்குப் போனது. பக்கத்து உப்பளக்காரரின் கை போனது. அதற்குப் பின்னால் ஒரு ஏஜென்டின் கை. யாரும் பையைப் பார்க்கவில்லை. ஒருவர் கொட்டாவிகூட விட்டார். சுரம் காதில் விழுந்தது, கை பர்ஸுக்குப் போனது, அவ்வளவுதான்.

பெர்சியின் விரல் சறுக்கியது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே, பிளாரன்ஸ் தண்ணீர் குடிக்கும் நேரத்தில், இடைவெளியை நிரப்ப பாரில் அவர் இத்தனை மாதமாக வாசித்துவந்ததும் இதே இழுவையைத்தான். யோசித்து வாசிக்கவில்லை. கை சும்மா இருந்தால் அதற்கு இது ஒன்றுதான் தெரியும். கேட்பவர்கள் பர்ஸை எடுத்துவிடுகிறார்கள். எடுத்த பர்ஸை என்ன செய்வது? பில் கேட்கிறார்கள். பில்லைக் கட்டியபின் உட்கார்ந்திருப்பானேன்?

விஷயத்தைக் கேட்ட வெள்ளத்துரை முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "அண்ணாச்சி, அப்ப பேசாம ஒரு பையைக் கம்புல மாட்டி மேசை மேசையா நீட்டுவோம். டிப்ஸ் பூரா நமக்குத்தான்னு ஹோட்டல்லயே சொல்லியிருக்காவள்லா?"

பெர்சி உடனே மறுக்கவில்லை. அந்த ஒரு கணத்தைப் பிளாரன்ஸ் கவனித்துவிட்டாள். "கோயில் பையை பார்ல நீட்டுதளவுக்கு வந்தாச்சோ? நான் அந்தால மைக்கைப் போட்டுட்டுப் போயிருவேன்" என்றாள். பெர்சி தான் அப்படி நினைக்கவே இல்லை என்று தேவைக்கு அதிகமாகவே மறுத்தார்.

வேறு இழுவை வாசித்துப் பழகலாம் என்று அந்த வாரம் முழுவதும் முயன்றார். வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே விரல் பழைய இடத்துக்குப் போய்விடும். கடைசியில் வெள்ளத்துரைதான் வழி சொன்னான். "நடுவுல நான் டிரம்ஸ் அடிச்சு ஒப்பேத்துதேன். நீங்க கையக் கீபோர்டுல வைக்காதிய. ரெண்டு கையாலயும் எதையாவது புடிச்சுக்கிடுங்க."

சனிக்கிழமை வந்தது. பெர்சி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது ஒரு கண்ணாடிக் கிளாஸ். இலவச பெக்குக்குப் பதிலாக, அதே கிளாஸில் சர்க்கரை போடாத எலுமிச்சை சோடா வாங்கிக்கொண்டார். அதற்குப் பாலிசியில் இடமிருந்தது. ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் கிளாஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சபையைப் பார்த்துப் புன்னகைப்பார். வெள்ளத்துரை அடித்து நொறுக்குவான். மேடையில் இருப்பவரே குடிக்கிறார் என்று கண்ட கூட்டத்துக்கும் தாகம் கூடிவிட்டது. கஸ்பார் அண்ணாச்சியின் மேசைக்குத் தட்டு மேல் தட்டு போனது. பத்து மணிக்கு மேலும் ஒரு நாற்காலி காலியாகவில்லை.

மாதம் முடிந்தபோது உமாராணி கவரை இரண்டு கையாலும் நீட்டினாள். "டிஜேவ வர வேண்டாம்னு சொல்லிட்டேனுங்க சார்." பெர்சி சட்டைப் பையைத் தட்டிக்கொண்டார். பை புடைத்திருந்தது. அவர் சந்தோஷத்தில் வெள்ளத்துரைக்குக் கூடுதலாகவே கொடுத்தார். பிளாரன்ஸைப் பார்த்து, "பாத்தியா" என்றார். அவளுக்கு அதுதான் கிடைத்தது.

ஆனால் சீலா மீன் நின்றுவிட்டது. முதல் ஞாயிறு ஜெசிந்தா பார்க்காத மாதிரிப் போனாள். படகு கடலுக்குப் போயிருக்காது என்று பிளாரன்ஸ் நினைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு முகத்தைத் திருப்பிக்கொண்டே போனாள். மூன்றாவது ஞாயிறு பிளாரன்ஸ் கோயில் வாசலிலேயே வழிமறித்தாள்.

"என்னக்கா, எம் பாட்டு கெட்டுப்போச்சா?"

"உன் பாட்டை எவ கேட்டா?" என்றாள் ஜெசிந்தா. "நீங்க வாசிக்கிற சனிக்கெழமை எல்லாம் எங்க வீட்டுக்காரவ எட்டரைக்கு டாண்ணு வீட்டுக்கு வந்துருவாவ. எதுக்கு வாராவன்னு அவுகளுக்கே தெரியாது. வந்து பிள்ளைகளோட உக்காந்து சாப்பிடுவாவ. வாரத்துல அந்த ஒரு நாள்தான்ளா எங்க வீட்டுல எல்லாருமா உக்காந்து சாப்பிடுதது. இப்ப மூணு வாரமா ஆட்டோக்காரன்தான் தூக்கிட்டு வந்து எறக்கிவிடுதான். நேத்து சின்னவ பயந்து அழுதுட்டா."

பிளாரன்ஸுக்கு முதலில் வலித்தது தன் குரலுக்காகத்தான், அதை மறைப்பானேன். இத்தனை நாள் தின்ற மீன் பாட்டுக்கு வந்ததில்லை. பிறகு அந்தச் சின்னவளின் முகம் நினைவுக்கு வந்தது. முதல் நற்கருணைக்கு வெள்ளைக் கவுன் போட்டுத் தன் பக்கத்தில் நின்று பாடிய பிள்ளை. வீட்டுக்கு வந்து பெர்சியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பழையபடி வாசிச்சா டிஜே வந்துருவான்ளா" என்றார் பெர்சி. அவர் குரலைக் கேட்க அவளுக்கே பாவமாக இருந்தது.

"பழையபடி வேண்டாம். ஒன்பது மணி வரைக்கும் கிளாஸைப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க. ஒன்பது அடிச்சதும் கிளாஸைக் கீழ வச்சிருங்க."

"பெர்சன்டேஜ் கொறையுமே."

"கொறையட்டும். அதுதான் நம்ம காணிக்கை."

அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணிக்கு பெர்சி கிளாஸைக் கீழே வைத்தார். வெள்ளத்துரை குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டான். நாலு சுரம், மெதுவாக, ஒரு சுற்று சுற்றி வந்தது. கஸ்பார் அண்ணாச்சியின் கை பின்பாக்கெட்டுக்குப் போனது. உப்பளக்காரரின் கை போனது. மூன்றாவது சுற்றில் சர்வர்களுக்கு ஓடி ஓடி பில் கொடுத்து மாளவில்லை. காலியான மேசைகளில், அறை எடுத்துத் தங்கியிருந்த வெளியூர்க்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் எந்தப் பங்கிலும் சேராதவர்கள், எந்தச் சுரத்துக்கும் அசையாதவர்கள். உமாராணி கடிகாரத்தையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எப்படிங்க சார் எல்லாரும் ஒரே நேரத்துல எந்திரிச்சாங்க?"

"பக்திதான் மேடம்" என்றார் பெர்சி. அவள் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டாள். பில்லிங் கொஞ்சம் குறைந்ததே தவிர விழவில்லை. டிஜே மதுரையிலேயே இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டாள். மறுநாள் பூசை முடிந்ததும் ஜெசிந்தா வந்தாள், கையில் பொதியோடு. இந்த முறை துண்டு மீனல்ல, முழு மீன்.

அந்த மாதக் கவர் வந்த சாயங்காலம் பெர்சி அதைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு, கீபோர்டை உறைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். பிளாரன்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து மைக் வயரைச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே, யாருக்கோ போல, அந்த நாலு சுரத்தை மெதுவாக முனகினாள். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று.

பெர்சி வெள்ளத்துரையிடம் கடைசி பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நிற்கவில்லை. கை மட்டும் சட்டைப் பைக்குப் போய், கவரை எடுத்து, அவள் பக்கம் நீட்டியது.

பிளாரன்ஸ் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "எந்தப் பையில கெடந்தா என்ன" என்றாள்.