மோதிரம் போட்டுக்கொண்ட ஓவியம்

கோமான் தோன் காஸ்பர் கொடுத்த கல்யாண மோதிரத்தைக் கை நீட்டி வாங்கி விரலில் போட்டுக்கொண்டது மணப்பெண் அல்ல, அவளுடைய எண்ணெய் ஓவியம். கோயிலில் இருந்த அரண்மனை வேலைக்காரர்கள் நாங்கள் அத்தனை பேரும் பார்த்தோம். பெண் லியோனோர் தலைநகர் மத்ரிதில் இருந்தாள், வழியெல்லாம் வெள்ளம். வர முடியாத பெண்ணுக்குப் பதிலாக உறவினர் ஒருவர் நின்று சம்மதம் சொல்வது பெரிய இடங்களில் வழக்கம்தான். நிற்க வேண்டிய சித்தப்பாவோ காய்ச்சலில் படுத்துவிட்டார். நாள் குறித்தாயிற்று, பன்றிகளும் வெந்தாயிற்று. சாமியார் யோசித்துவிட்டு, அரண்மனை ஓவியர் அரியேத்தா வரைந்து அனுப்பியிருந்த படத்தை நாற்காலியில் தூக்கி வைத்துச் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றது படம்.

மூன்று வாரம் கழித்து முழங்கால்வரை சேறோடு லியோனோர் வந்து இறங்கினாள். சாப்பாட்டு மேசையில் அவள் இடத்தில் படம் இருந்தது. அன்று தொடங்கிய தலைவலி எங்களுக்கு. இவள் சன்னலைத் திற என்பாள், அது மூடு என்னும், ஈரக்காற்று எண்ணெய்க்கு ஆகாதாம். சூப்பை ஒரு வாய் குடிக்காது, உப்பில்லை என்று மட்டும் சொல்லும். கோமானுக்கு அதன் முகம் பிடித்திருந்தது. லியோனோருக்கு விருந்தாளி அறை. ஒருநாள் கோபத்தில் அவள் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள். அது திட்டிய திட்டில் சுவர்ப் பூச்சு உதிர்ந்தது. ஓவியரை வரவழைத்தாள். அவர் கண்ணாடி மாட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"முகத்தை உங்களைப் பாத்துதாம்மா வரைஞ்சேன். உடம்புக்கு மரப்பொம்மைக்குத் துணி உடுத்திப் பாத்து வரையறதுதான், எல்லாருக்கும் அப்படித்தான். ஆனா நான் முடிச்சப்போ இந்த வாய் மூடித்தான் இருந்துச்சு."

மூன்று வருடம் அவள் சொந்த வீட்டில் விருந்தாளியாக இருந்தாள். இந்த வீட்டுக்கு மனைவி நானா படமா என்று கடைசியில் ஆயருக்கே எழுதினாள். ஆயர் வந்தார், இரண்டு ஆட்டுத்தொடை தின்றார், எங்களை விசாரித்தார். பார்த்ததைச் சொன்னோம், வேறென்ன சொல்வது? மோதிரம் வாங்கியது யாரோ அதுவே மனைவி என்று தீர்த்துவிட்டார். கோமான் தலையாட்டினார். 

லியோனோர் ஆயர் முன் வந்து நின்றாள்.

"அப்போ நான் இவருக்கு யாருமே இல்லையா, ஆண்டவரே?"

"யாருமில்லம்மா."

"அதை அப்படியே எழுதிக் குடுங்க."

வந்ததிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தோம். மை காய்வதற்குள் கோவேறு கழுதையில் மூட்டை ஏறிவிட்டது. அப்போதுதான் கோமானுக்கு உறைத்தது. வாசல்வரை ஓடினார்.

"லியோனோர், மழை வர்ற மாதிரி இருக்கு. எங்க போற?"

"கட்டினவ உள்ள இருக்கா. அவகிட்ட போய்ப் பேசுங்க."

அடுத்த வருடம் மத்ரிதில் ஒரு வைத்தியரைக் கட்டிக்கொண்டாள், தானே நேரில் நின்று. கோமான் முப்பத்தோரு வருடம் படத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் செத்த வாரத்தில் படத்திலிருந்த நீலப்பட்டு உடை தானாகவே கறுத்தது. விதவை ஆயிற்றே, விட முடியுமா? ஞாயிறுதோறும் நான்கு பேர் பூசைக்குத் தூக்கிப் போகிறோம். மெல்ல நடங்கள் என்கிறது, நடக்கிறோம்.