இடப்பக்கம் தள்ளப்பட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கைக்காரி தன் வீட்டுக்காரரை இடப்பக்கமாகத் தள்ளிவிட்டாள். மனிதர் வாசலைத் தாண்டாமலே காணாமல் போனார். அன்று மழையில்லை, முட்டை விலையிலும் மாற்றமில்லை. கைக்காரி என்பது தொழிலால் வந்த பெயர். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எதையும் தொடாமல் பெயர் பதியட்டும் என்று, கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் வெறுங்காற்றில் படம் நிற்கிற இயந்திரங்களைச் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்குச் சோதிக்கிற வேலை. இரண்டு விரலை நீட்டி இடப்பக்கம் தள்ளினால் படம் போய்விடும், தன் பக்கம் இழுத்தால் திரும்பி வரும். ஒன்பது வருஷமாக நாளைக்கு இரண்டாயிரம் தடவை தள்ளித் தள்ளிக் கை பழகிப்போயிருந்தது. ஒழுகுகிற குழாயை மூன்றாவது வாரமாகச் சரிசெய்யாமல் கிளம்பிய மனிதர்மேல் அன்று அவளுக்குப் பொல்லாத கோபம். “போயிட்டு வாங்க” என்று வழக்கமாகச் சொல்வதைக்கூடச் சொல்லாமல், “போங்க, போங்க” என்று இரண்டு விரலை வீசினாள். பாவம், அவர் ஒரு செருப்பைத்தான் மாட்டியிருந்தார்.

மாமியார் மற்ற செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, “எம் புள்ளைய எங்கடி தள்ளுன?” என்று கேட்டாள். “இடப்பக்கம், அத்தை” என்றாள் கைக்காரி. தொழிற்சாலை மேலாளர் விஷயத்தைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. “மத்ததெல்லாம் எத்தனை வருஷமானாலும் அங்கயே கிடக்கும், ஆளுன்னா முப்பது நாளுதாம்மா, அதுக்குள்ள இழுத்துருங்க. அப்புறம் தானா அழிஞ்சிரும்” என்றார், லீவும் கொடுத்தார். அவள் வாசலில் நின்று, தொழிலில் கற்றபடி முழங்கை அசையாமல் இரண்டு விரலால் இழுத்தாள். முதல் வாரம், என்றோ விரட்டிவிட்ட பூனை வந்தது. இரண்டாவது வாரம், வேண்டாமென்று கையசைத்துத் திருப்பி அனுப்பிய சோப்பு விற்பனைக்காரர் பையோடு வந்து, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார். அப்புறம் மாமியாரின் பழைய மூக்குக் கண்ணாடி வந்தது. அதை யார் தொலைத்தது என்ற ஆறு வருஷச் சண்டையும் கூடவே வந்தது. வீட்டுக்காரர் மட்டும் வரவில்லை. அவளுக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எப்போதோ வடிந்துவிட்டது. குழாய் ஒழுகினால் ஒழுகட்டும், மனிதர் வந்தால் போதும் என்று இழுத்து இழுத்து மணிக்கட்டு வீங்கிவிட்டது.

முப்பதாம் நாள் மத்தியானம் வலி தாங்காமல் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் அவருக்கும் தட்டு வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்க, விரல், முழங்கை, ஒன்பது வருஷச் சோதனை எல்லாவற்றையும் மறந்து, வீட்டில் எப்போதும் கூப்பிடுகிற மாதிரி உள்ளங்கையை வாரி வீசி, “ஆறிப்போகுது, எத்தனை தடவைதான் கூப்பிடறது! வரப்போறீங்களா இல்லையா?” என்று கத்தினாள். “இதோ வந்துட்டேம்மா” என்று அவர் இடப்பக்கத்திலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்து உட்கார்ந்தார். இத்தனை நாளும் ஒருத்தரும் ஒரு தடவைகூட என்னை இப்படிக் கூப்பிடவில்லை, வேறு யாரையோ இழுக்கிறார்கள் என்றுதான் அங்கேயே இருந்துவிட்டேன் என்றார். அவள் அவர் தோளைப் பிடித்துப் பார்த்தாள். தோள் இருந்தது. பிடியை விட்டுவிட்டு அழுதாள்.

ஒரே ஒரு குறை. அந்த இயந்திரத்துப் படங்களைப் போல, அவருக்கு நேர் எதிரே நின்று பார்த்தால்தான் அவர் தெரிகிறார். பக்கவாட்டில் நின்றால் நாற்காலி மட்டும்தான். மாமியார் சாப்பாட்டு மேஜையில் தன் இடத்தை மகனுக்கு எதிரே மாற்றிக்கொண்டாள். அவர் ஓட்டுகிற பள்ளிப் பேருந்தில் பிள்ளைகள் முதலில் முன்கண்ணாடி வழியாக வணக்கம் சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறார்கள். குழாய் இன்னும் ஒழுகுகிறது. தினம் காலை ஏழே முக்காலுக்குக் கைக்காரி வாசலில் அவருக்கு நேர் எதிரே வந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “போயிட்டு வாங்க” என்கிறாள்.