ரெட்டைப் பின்னலும் ஒரு மணி நாற்பது நிமிடமும்

"எம் மவன் ஆண்டோ இன்னிக்குக் காலைல எங்கூட போன்ல ஒரு மணி நாப்பது நிமிஷம் பேசினான்."

பாப்பாரப்பட்டி பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய பஞ்சர் கடையில் கஸ்பார் இதைச் சொன்னதும், காற்றடித்துக்கொண்டிருந்த டயர்கூட ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

கஸ்பார் லேசுப்பட்ட ஆள் இல்லை. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சித்தேரி மலையில் ஒற்றை யானை வழிமறித்தபோது, எழுபத்தெட்டுப் பேரை ஏற்றிய வண்டியை அத்தனை வளைவிலும் பின்பக்கமாகவே ஓட்டி அடிவாரத்தில் கொண்டுவந்து நிறுத்தியவர். வண்டியில் உறங்கிய கைக்குழந்தை ஒருமுறைகூடப் புரண்டு படுக்கவில்லை. வத்தல்மலை மேகத்துக்குள் கண் தெரியாமல் போனபோது காப்பிப் பூ வாசனையைப் பிடித்துக்கொண்டே ஜீப்பை மேலேற்றியவர். பஞ்சர் கடைக்கு இதெல்லாம் பாடம். ஆனால் ஆண்டோ பேசினான் என்பது எந்த யானையையும் விடப் பெரிய யானை.

பதினெட்டு வருஷம் அவரோடு கண்டக்டராக இருந்த மாரப்பன்தான் முதலில் சுதாரித்தார்.

"அண்ணே, நீங்க எப்பவும் கொறைச்சுத்தான் சொல்லுவீங்க. எப்பிடியும் மூணு மணி நேரம் இருக்கும்ணே!"

கடையே சிரித்தது. கைகூடத் தட்டினார்கள். ஒருவர்கூட "நெசமா?" என்று கேட்கவில்லை. கஸ்பாரும் சேர்ந்துதான் சிரித்தார். அந்தச் சிரிப்போடு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது அது வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே வர அதற்கு விருப்பமில்லை. அந்த வீட்டுக்குள் வர யாருக்குத்தான் இருக்கிறது?

மனைவி லூர்து மேரி இறந்து இரண்டு வருஷம். அவள் இருந்தவரை அந்த வீட்டில் ஒரு தபால் ஆபீஸ் நடந்தது. நான்கடி தள்ளி மகன் உட்கார்ந்திருப்பான். கஸ்பார் மனைவியைப் பார்த்து, "உம் மவன சோறு திங்க வரச் சொல்லு" என்பார். அவன் அம்மாவைப் பார்த்து, "மார்க் சீட்டுல அப்பா கையெழுத்துப் போடணுமாம்மா" என்பான். அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி, இருவரின் கோபத்தையும் வழியிலேயே கழுவித் துடைத்துக் கொடுப்பாள். அவளை அடக்கம் செய்த அன்றே தபால் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஓசூரிலிருந்து ஆண்டோ கூப்பிடுவான்.

"சாப்டீங்களா?"

"ம்."

"அங்க மழைங்களா?"

"ம்."

"வெக்கட்டுங்களா?"

"ம்."

இருபத்திரண்டு விநாடி. கிறிஸ்துமஸ் என்றால் இருபத்தைந்து.

மகள் பிளசி அப்படியில்லை. தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவுப் பணிக்குக் கிளம்புமுன் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் பேசுவாள். என்ன குழம்பு, முழங்கால் எப்படி, மாத்திரை போட்டாயிற்றா, மிக்சி ஏன் கத்துகிறது. அதைப் பற்றி கஸ்பார் பஞ்சர் கடையில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சூரியன் உதித்ததைப் போய் யாராவது பீற்றிக்கொள்வார்களா?

அன்று மதியம் அவர் ஒரு டம்ளர் அரிசி வைத்தார். பார்க்காத டிவியை ஓடவிட்டார். சாப்பிடும்போது ஒரு யோசனை வந்தது. தான் சொன்ன பொய்யெல்லாம் நிஜம்போல ஊரில் உலவுகிறது. நடந்த ஒன்றோ பொய்க் கூட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்னும் நாலு பேர் சிரித்தால் தனக்கே அது நடந்ததா என்று சந்தேகம் வந்துவிடும். கைபேசியில் பார்க்கலாமென்றால் அந்தப் பட்டன் போனின் திரை போன மழைக்காலத்திலேயே செத்துவிட்டது. ஒரே ஒரு ஆள் நம்பினால் போதும். அதுவும் பிளசி நம்ப வேண்டும். அப்பன், மகன் இரண்டு பேரையும் அறிந்தவள் உலகத்தில் இனி அவள் ஒருத்திதான்.

சாயங்காலம் கூப்பிட்டாள். மாத்திரைக்கு அவள் வருமுன்பே இவர் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"யாரு, ஆண்டோவா? ஒரு மணி நாப்பதா?" பிளசி சிரித்தாள். "அப்பா, அவன் கண்ணாலத்துக்கே அவ்வளவு நேரம் பேசலீங்க."

"ஆறு பத்துக்கு ஆரம்பிச்சான் கண்ணு. ஏழு அம்பதுக்கு ஸ்கூல் வேன் ஆரன் அடிச்சப்பதான் வெச்சான்."

"என்னாத்தப் பேசினான்?"

"தல பின்றதப் பத்தி."

"காய்ச்சல் ஏதும் அடிக்குதுங்களா?" என்றாள் நர்ஸ்.

கஸ்பார் விளக்கினார். மருமகள் இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள். பெரிய பேத்தி ஜாஸ்மின் யூகேஜி. ரெட்டைப் பின்னல் இல்லாமல் போனால் வாசலிலேயே நிற்க வைக்கிற பள்ளிக்கூடம். ஆண்டோவுக்குச் சீப்பைப் பிடிக்கவே தெரியவில்லை. உன்னை நாலு தடவை கூப்பிட்டானாம், நீ எடுக்கவில்லையாம். உன் அம்மா தர்மபுரி ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தபோது உனக்குத் தினமும் நான்தானே பின்னிவிட்டேன், அதை வைத்து என்னைக் கூப்பிட்டான்.

"வெங்காய மூட்டைக் கவுறு மூணு இழைய ஜன்னல் கம்பில கட்டி, போன தோள்ல இடுக்கிக்கிட்டு, நான் இங்க பின்னப் பின்ன அவன் அங்க பின்னினான். லெப்டுல இருக்கற வண்டிய நடுவுக்குக் கொண்டா, ரைட்டுல இருக்கறவன் ஓவர்டேக் பண்ணட்டும்னேன். ஒன்பது தடவ அவுத்தோம். ஓசூர்லயே அப்பிடி ஒரு பின்னல் எவளும் போட்டதில்லன்னு டீச்சரம்மா போட்டோ எடுத்து..."

"அதானே பாத்தேன். டீச்சரம்மா வந்தாச்சு. இனி கலெக்டர் வருவாரு." பிளசியின் குரல் மாறியது. "மிஸ்டு கால் இருந்திச்சுதாங்க. காலைல திருப்பிக் கூப்பிட்டேன். 'ஒண்ணுமில்ல, வேல முடிஞ்சிருச்சு'ன்னு வெச்சுட்டான். உங்களக் கூப்பிட்டிருந்தா சொல்லியிருப்பான்ல? அவன் ரெண்டு நிமிஷம் பேசியிருப்பான், நீங்க அத ஊதிப் பெருசாக்கறீங்க. ஏம்ப்பா, ரெண்டு வருஷமா நானும் தெனம் பேசறேன். 'எம் மவ பேசினா'ன்னு ஒரு நாளாவது அந்தப் பஞ்சர் கடைல சொல்லியிருக்கீங்களா?"

எழுபத்தெட்டுப் பேரைப் பின்பக்கமாக இறக்கிய கஸ்பாருக்கு இப்போது எந்தப் பக்கமும் போக வழி தெரியவில்லை.

"சொன்னதில்ல, கண்ணு."

"சரி, வெக்கறேன். டூட்டிக்கு நேரமாச்சு."

"இரு பாப்பா. ஒண்ணு இருக்குது. அத மாரப்பன்கிட்டகூடச் சொல்லல."

அவள் வைக்கவில்லை. கஸ்பார் டிவியை அணைத்தார்.

"பின்னல் ஏழே காலுக்கே முடிஞ்சிருச்சு. அதுக்கப்பறமும் அவன் வெக்கல. 'வெக்கட்டுங்களா'ன்னு கேப்பான்னு நானும் பாத்தேன். கேக்கல. கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னான்: 'அந்த மூணு மாசமும் நீங்க அவளுக்குப் பின்னறத நான் கதவோரம் நின்னு பாத்துட்டு இருப்பேன்ப்பா. அவகிட்டப் பேசிக்கிட்டே பின்னுவீங்க. என்னைய மொத நாளே முடிவெட்டற கடைக்கு இட்டுட்டுப் போயி மிஷின் வெச்சு ஒட்ட வெட்டி வுட்டீங்க. பையனுக்கு வேல முடிஞ்சிச்சுன்னு கடைக்காரன்கிட்டச் சொல்லிச் சிரிச்சீங்க. எந் தலைய நீங்க ஒரு நாளும் தொட்டதில்லப்பா'ன்னான்."

கஸ்பார் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"நான் என்னா சொல்லணும்? இல்லடான்னு சொல்லலாம்னு யோசிச்சேன். தொட்ட நாள் ஒண்ணு ஞாபகத்துல சிக்குமான்னு பாத்தேன். ஞானஸ்நானத்தன்னிக்குக்கூட ஞானத்தகப்பன்தான் தூக்கியிருந்தாரு. ஒண்ணும் சிக்கல, கண்ணு. எதையாவது கட்டிச் சொல்லலாம்னா, என் வாயில அப்பப் பார்த்து ஒரு பொய்யும் வரல."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்ல. நானும் பேசல, அவனும் பேசல. மூச்சு மட்டும் கேட்டுச்சு. புள்ள அங்க 'யாருப்பா போன்ல?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்திச்சு. வேன் வர்ற வரைக்கும் அப்பிடியேதான் இருந்தோம். நான் ஒரு மன்னிப்புகூடக் கேக்கல. டீச்சரம்மா போட்டோ எடுத்தது நான் சேத்ததுதான்."

அவள் பஸ்ஸுக்கு நின்ற நிறுத்தத்தின் இரைச்சல் போனில் வந்து வந்து போனது. ஒரு பஸ் நின்று, கிளம்பியது. அது அவள் ஏற வேண்டிய பஸ் என்று கஸ்பாருக்கு இன்ஜின் சத்தத்திலேயே தெரிந்தது.

"உங்க கதைல ஒரு நாளும் நீங்க தோத்ததில்லப்பா," என்றாள் பிளசி கடைசியில். "இது நடந்திருக்குதுங்க. ஒரு மணி நாப்பது நிமிஷமும் பேசியிருக்கான்."