அக்கா எழுதிய காரணங்கள்

தம்பிக்கு வீடு கிடைக்க வேண்டுமானால், அவனை வெளியே போகச் சொல்லி அக்கா தன் கைப்பட எழுதித் தர வேண்டும். இதென்ன கூத்து என்றுதான் அவளும் முதலில் கேட்டாள்.

தம்பி பெயிண்டர். எத்தனையோ பேர் வீட்டுக்கு வர்ணம் அடித்தவனுக்குத் தலை சாய்க்க ஒரு மூலை இல்லாமல் போனது. குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பெண்டாட்டியையும் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்கு வந்தான். வேறெங்கே போவான்? பத்து நாள் என்று வந்தவர்கள். எட்டு மாதம் ஓடிவிட்டது.

அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. அவள் புருஷன் இரவுக் காவலாளி. பகலில்தான் தூங்க முடியும். இருப்பது ஓர் அறை, ஒரு சமையலறை. அதற்குள் ஐந்து பேர்.

அரசாங்கம் புதிதாக ஒரு வீட்டுதவி அலுவலகம் திறந்திருந்தது. ஜனங்கள் தெருவுக்கு வருவதற்கு முன்பே தாங்கிப் பிடிக்கிற திட்டமாம். நல்ல திட்டம்தான், சும்மா குறை சொல்லக் கூடாது. ஆனால் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறவனை அவர்கள் வீடில்லாதவனாக எடுத்துக்கொள்வதில்லை. இடம் கொடுத்தவரே ‘இனி முடியாது’ என்று எழுதினால்தான் பட்டியலில் பெயர் ஏறும்.

முதல் தடவை அக்கா நாலே வரி எழுதினாள். தம்பி குடும்பம் என்னோடு இருக்கிறது, வீடு சின்னது, தயவுசெய்து உதவுங்கள் என்று. அலுவலகத்தில் இருந்த அதிகாரியம்மா, பாவம், நாள் முழுக்கப் பேசிப் பேசித் தொண்டை கட்டிப் போனவர், படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இதைப் படிச்சா நீங்க அவரைப் பிரியமா வெச்சிருக்கீங்கன்னு தெரியுதும்மா. இப்படி இருந்தா மேல அனுப்ப முடியாது. ஏன் வெச்சுக்க முடியலன்னு காரணம் எழுதுங்க. என்னைக்குள்ள போகணும்னு தேதி போடுங்க.”

வெளியே வந்ததும் தம்பி சிரித்தான். “எழுதுக்கா. ஆபீசுக்குத்தானே. என்னைப் பெரிய வில்லனா ஆக்கிடு.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் பெண்டாட்டி பிள்ளையோடு பூங்காவுக்குப் போயிருந்தான். அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். குழந்தை சத்தத்தில் என் கணவர் தூங்க முடியவில்லை. வேலையில் கண்ணயர்ந்து எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருக்கிறார். காலையில் குளியலறைக்குக் காத்திருந்து நான் வேலைக்குப் பிந்திப் போகிறேன். இந்த இரண்டோடு நிறுத்தியிருக்கலாம். பேனா நின்றால்தானே? தம்பி மனைவி என் சமையலறையில் எதையும் வைத்த இடத்தில் வைப்பதில்லை. அவன் வேலைத் துணியின் பெயிண்ட் நெடியில் எனக்குத் தலை வெடிக்கிறது. வேலையில்லாத நாளெல்லாம் டிவி முன்னால் படுத்துக் கிடக்கிறான். என் கணவரோடு தனியாக நாலு வார்த்தை பேசி எட்டு மாதமாகிறது. வீட்டுக்குள் கால் வைக்கும்போதே எனக்கு மூச்சு முட்டுகிறது.

ஒன்றரைப் பக்கம். தேதியும் போட்டாள். எழுதி முடித்ததும், வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அதன் பிறகுதான் முதலிலிருந்து படித்துப் பார்த்தாள். இல்லாததைச் சேர்த்து எழுத உட்கார்ந்தவள் ஒரு பொய்கூட எழுதவில்லை. கிழித்துப் போடத்தான் நினைத்தாள். கிழித்தால் வீடு? உறையில் போட்டு ஒட்டி, பிரிக்காமல் கொடுத்துவிடு என்று தம்பியிடம் சொன்னாள். அவனும் சொன்னபடியே செய்தான்.

பத்து நாளில் அதிகாரியம்மா வீட்டுக்கே விசாரிக்க வந்தார். கடிதத்தை இரண்டு தரப்புக்கும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டுமாம். யாரோ எழுதிக் கொடுத்து ஏமாற்றிவிடக் கூடாது, பாருங்கள். கட்டிய தொண்டையோடு அவர் வரி வரியாக வாசித்தார். முதல் வரிக்குத் தம்பி அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தான். பெயிண்ட் நெடி வந்தபோது தலையைக் குனிந்துகொண்டான். தண்ணீர் கொண்டுவந்த அவன் மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இதெல்லாம் உண்மைதானாம்மா?”

இல்லை என்றால் வீடு போயிற்று. ஆமாம் என்றால் தம்பி போனான்.

“உண்மைதாங்க,” என்றாள் அக்கா.

வீடு வர மூன்று வாரமானது. அந்த மூன்று வாரமும் யாரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. தம்பி தன் வேலைத் துணியை வெளியே மாடிப்படிக் கம்பியில் தொங்கவிட்டான். டிவி பக்கமே போகவில்லை. அவன் மனைவி கேட்காமல் ஒரு கரண்டியைக்கூட எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தை படியிலேயே உட்கார்ந்து வாய்க்குள் பாடம் படித்தது. உள்ளே வாடி கண்ணு என்று அக்கா கூப்பிட்டாள். மாமா தூங்கணும் அத்தை என்றது.

வீடு மாறுகிற அன்று காலை சாமான் எல்லாம் இறங்கிவிட்டது. கடைசிப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த தம்பியிடம், அது ஆபீசுக்கு எழுதியதுதானே என்று அக்கா மெல்லப் பேச்செடுத்தாள்.

“தெரியும்க்கா. நீ அப்படி எழுதலேன்னா எங்களுக்கு வீடே இல்ல.” பாயைத் தோளில் போட்டுக்கொண்டான். “ஆனா மூச்சு முட்டுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்னைக்கே போயிருப்பேன்.”

“எங்கடா போயிருப்பே?”

“போயிருப்பேன்க்கா,” என்றான்.

அவன் படியிறங்கி, வண்டி கிளம்பிப் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். புது வீடு எந்தத் தெரு என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.